ஞாயிறு பூ

ஏப்ரல் 9, திங்கள்

பி.எட். சான்றிதழ் தபாலில் வந்தது. அம்மா தோட்டத்திலிருந்து வந்ததும் காட்டினேன். பிச்சிப்பூக் காம்பின் கறை போகும்வரை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் கையில் வாங்கினாள். "ஒன் பேரு எங்க இருக்கு?" என்றாள். விரல் வைத்துக் காட்டினேன். "இம்புட்டு சின்னதாவா போடுவான்?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

சாயங்காலம் டைட்டஸ் சார் வந்தார். எங்கள் ஊர்ப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், சபைக் கமிட்டியின் செயலர். என்னைக் கல்லூரியில் சேர்த்துவிட்டதே அவர்தான். விண்ணப்பத்தைத் தன் கையாலேயே நிரப்பினார். ஜூன் மாதம் சபைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை இடம் காலியாகிறதாம்.

"ஒனக்குத்தான் பெர்சி அது. வெளியாளுக்கு விடமாட்டேன். ஒரு சேகரச் சான்று மட்டும் வேணும்" என்றார். சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா காப்பி கொண்டு வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சேகரம் என்பது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகள்; அந்தச் சான்று அவர் கையெழுத்துப் போட்டுத் தருவது. இந்தக் குடும்பத்தில் பெரியவர்கள் எல்லாரும் கோயிலில் திருவிருந்து அப்பம் எடுக்கிறவர்கள், சபை ஒழுங்கில் நிற்கிறவர்கள் என்று அதில் இருக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் பெரியவர்கள் இரண்டே பேர். நான் எடுக்கிறேன். அம்மாவுக்கு ஒன்பது வருஷமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கூலிக்குப் பூ எடுக்கிறாள் என்று யாரோ கமிட்டியில் சொல்லிவிட்டார்கள்.

ஏப்ரல் 11, புதன்

தண்ணீர் வரவில்லை. கீழத்தெரு அடிபம்பில் ஆறு குடம்.

ஏப்ரல் 15, ஞாயிறு

ஓய்வுநாள் பாடசாலையில் நான்காம் வகுப்பு என்னுடையது. பதினொரு பிள்ளைகள். மே மாதம் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு ஒவ்வொரு வகுப்பும் ஏதாவது செய்ய வேண்டும். எங்கள் பங்கு நாடகம். இயேசு ஊழியம் தொடங்கிய புதிதில் அவரை எதிர்த்தவர்கள் பற்றி என்று, குருவானவருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் சீட்டில் எழுதித் தந்தார். பாடத்திட்டத்தில் அடுத்து இருப்பது அதுதான். மற்ற ஆசிரியைகளுக்கு நல்ல கதைகள் கிடைத்துவிட்டன. இதற்கு யாரும் கை தூக்கவில்லை. நான் எதற்குமே கை தூக்குவதில்லை என்பதால் மீந்தது என்னிடம் வந்தது.

அம்மா ஒன்பதரைக்கு வந்தாள். ஆராதனை முடிகிற நேரம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். திருவிருந்துக்கு வரிசை எழுந்தபோது நான் அவள் பெஞ்சைத் தாண்டித்தான் போனேன். எப்போதும் போல வலப்பக்கம் பார்த்துக்கொண்டு போனேன்.

நாளைக்கு நானே படித்துப் பார்த்தாலும் விளங்கும்படி எங்கள் ஊர் வழக்கத்தை எழுதி வைக்கிறேன். சீயோன்விளையில் ஞாயிறு கடை திறக்காது, ஏர் பூட்டாது, மோட்டார் ஓடாது. ஆனால் செடிக்குக் கிழமை தெரியாது. விடிய எடுக்காத மொட்டு சாயங்காலம் செடியிலேயே விரிந்துவிடும். பிறகு யாரும் வாங்கமாட்டார்கள். அதனால் தோட்டக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைப் பூவை மட்டும் வருஷத்துக்கு மொத்தமாகச் சந்தை வியாபாரிக்குக் குத்தகை விட்டுவிடுவார்கள். அதற்கு 'ஞாயிறு பூ' என்றே பெயர். செடி தோட்டக்காரருடையது, அன்றைய பூ வியாபாரியுடையது. தோட்டக்காரர் வேலை செய்யவும் இல்லை, செய்யச் சொல்லவும் இல்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் பெஞ்சில் உட்காரலாம். வியாபாரி பக்கத்து ஊர்ப் பெண்களை வேனில் கூட்டி வருவார். அவர்கள் நம் சபை இல்லை.

அந்த வேன் பெண்களோடு சேர்ந்து எடுக்கிற ஒரே சபைப் பெண் அம்மா. ஆறு நாள் கூலி வீட்டுக்கு. ஞாயிற்றுக் கூலி என் படிப்புக்கு.

ஏப்ரல் 18, புதன்

நாடகம் எழுதுகிறேன். இந்தப் பகுதியை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். எழுத உட்கார்ந்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன்.

முதலில், கூரையைப் பிரித்து ஒரு நோயாளியை இறக்குகிறார்கள். இயேசு அவனுக்குப் பாவ மன்னிப்புச் சொல்கிறார். அங்கே உட்கார்ந்திருந்த வேதபாரகர்கள், வேதச் சட்டம் படித்தவர்கள், வாயைத் திறக்கவே இல்லை. மனசுக்குள் முறுமுறுக்கிறார்கள், அவ்வளவுதான். அடுத்து, வரி வசூலிக்கிற லேவியின் வீட்டில் விருந்து. இப்போது வாய் திறக்கிறார்கள். ஆனால் அவரிடம் இல்லை, சீஷர்களிடம். உங்கள் போதகர் ஏன் இந்த மாதிரி ஆட்களோடு சாப்பிடுகிறார் என்று. மூன்றாவது, பயிருக்குள் நடந்துபோகிறார்கள். பசித்த சீஷர்கள் ஓய்வுநாளில் கதிர் பறிக்கிறார்கள். இப்போதுதான் நேராக அவரிடமே வருகிறார்கள்.

மனசுக்குள், பிறகு சுற்றியிருப்பவர்களிடம், பிறகு முகத்துக்கு நேரே. எதிர்ப்பு ஒரே நாளில் வந்துவிடவில்லை. படி ஏறி வந்திருக்கிறது.

இந்த வேதபாரகர்களும் பரிசேயர்களும் கெட்டவர்கள் என்றும் தோன்றவில்லை. நான் சிறு வயதில் நினைத்திருந்தது போல் கறுப்புத் தாடி வைத்த வில்லன்கள் இல்லை. நோன்பு தவறாதவர்கள், கணக்காகக் காணிக்கை கொடுத்தவர்கள். ஊரில் எல்லாரும் எழுந்து நின்று வணக்கம் சொல்லியிருப்பார்கள்.

ஏப்ரல் 22, ஞாயிறு

ஒத்திகை. பரிசேயர் உடைக்கு அங்கி இல்லை. அப்பாக்களின் வெள்ளைச் சட்டையைக் கொண்டுவரச் சொன்னேன். முழங்கால்வரை தொங்கியது, நன்றாகத்தான் இருந்தது. தலைமைப் பரிசேயர் லிடியா. ஒன்பது வயது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து, தூக்கிப் பார்த்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "இது ஒழுங்கா?" என்று கேட்டாள். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். அது டைட்டஸ் சார் செய்வது. நான் சொல்லித் தரவில்லை. கண்டிக்கவும் இல்லை.

கதிர் பறிக்கிற காட்சியின் நடுவே லிடியா நின்றுவிட்டாள்.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"என்ன?"

"அன்னைக்கு ஓய்வுநாள்தான? பரிசேயர் எல்லாரும் கோயில்லதான இருக்கணும்? வயக்காட்டுல அவங்களுக்கு என்ன ஜோலி?"

 பக்கத்தில் நின்ற ஷைனி சொன்னாள்: "அவங்க வேவு பாக்க வந்திருப்பாங்க, பிள்ள."

"அப்ப வேவு பாக்குறது வேலை இல்லையா?"

ஜன்னலுக்கு வெளியே உபதேசியார் நின்றுகொண்டிருந்தார். நான் பார்த்ததும் போய்விட்டார்.

ஏப்ரல் 24, செவ்வாய்

உபதேசியார் பலசரக்குக் கடையில் அம்மாவைப் பார்த்து, "மக என்னமோ நாடகம் போடுதாளாமே, யாரையும் குத்திக் காட்டுறாப்ல இருக்கக் கூடாதுன்னு சொல்லி வைங்க" என்றாராம்.

என்னிடம் கேட்கவில்லை. அம்மாவிடம் கேட்டார்.

"நீ என்ன சொன்ன?"

"அவளுக்கு வாய் இருக்கு, அவட்ட கேளுங்கன்னேன். உளுந்து வாங்க மறந்துட்டேன், பாரு."

ஏப்ரல் 27, வெள்ளி

மாவாட்டிக்கொண்டிருந்தபோது அம்மாவிடம் சும்மா ஒரு கேள்வி கேட்டேன். ஞாயிறு ஆராதனையில் ஆல்டர் பீடத்தில் வைக்கிற பூ எங்கேயிருந்து வருகிறது?

"எங்கேயிருந்து வரும்? தோட்டத்துலேருந்துதான்."

"எப்ப எடுக்கிறது?"

"ஏட்டி, சனிக்கிழம எடுத்தா ஞாயித்துக்கிழம வாடிப்போவாதா? வேன் கெளம்புமுன்ன கோயில்குட்டியார் சைக்கிள்ல வருவாரு. அரைக் கிலோ. வியாபாரிட்ட சொல்லிட்டு நான்தான் பொறுக்கிக் குடுப்பேன். அவருக்குக் கண்ணு தெரியாது, புழுவெட்டு உள்ளதயும் அள்ளிப் போட்டுக்கிடுவாரு."

"எத்தன வருஷமா?"

"நான் போறதுலேருந்து."

கோயில் மணி அடிப்பதும் ஆல்டரில் பூ வைப்பதும் கோயில்குட்டியார் வேலை. அந்தப் பூவின் முன்னால்தான் நான் மண்டியிட்டு அப்பம் வாங்குகிறேன்.

ஏப்ரல் 29, ஞாயிறு

பாடசாலை முடிந்ததும் டைட்டஸ் சார் என்னைக் கோயில் அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். நான் நின்றேன். அவர் முன்னால் உட்கார எனக்கு வராது.

"நாடகம் வேண்டாம் பெர்சி. பிள்ளைங்க ஆக்‌ஷன் சாங் பாடட்டும்."

"ஏன் சார்?"

 ஒன்பது வருஷத்தில் அவரிடம் 'சரி சார்' தவிர வேறு எதுவும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

"பரிசேயருக்கு எதுக்கு வெள்ளச் சட்ட?"

"அங்கி இல்ல சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கப் போனவர் என்ன நினைத்தாரோ, அப்படியே மேசையில் வைத்துவிட்டார். லிடியா செய்ததை அவரும் பார்த்திருக்கிறார்.

பிறகு கோபமில்லாமல் பேசினார். "ஒனக்கு ஒண்ணு சொல்லுதேன், கேளு. எங்க தாத்தா காலத்துல இந்த ஊர்ல எல்லாரும் பண்ணையார்ட்ட கூலி. ஏழு நாளும் வேலை. கிறிஸ்து வேதத்துக்கு வந்த பொறவு ஞாயித்துக்கிழம வரமாட்டோம்னாங்க. கட்டி வச்சு அடிச்சான். தாத்தா முதுகுல தழும்ப நான் தொட்டுப் பாத்திருக்கேன். அடி வாங்கி வாங்கின நாள் அது. இன்னைக்கு ஒருத்தர் போனா, நாளைக்கு எல்லாரையும் வான்னு கூப்பிடுவான். அந்த நாள் போயிரும். ஒங்கம்மா மேல எனக்கு என்ன வஞ்சம்?"

அது உண்மை. எனக்குக் கண்ணில் நீர் வந்தது. ஆனாலும் வாய் தானாகக் கேட்டது:

"சார், ஆல்டர்ல வைக்கிற பூ எந்தக் கிழம எடுத்தது?"

அவர் மேசையிலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"அம்மாதான் எடுக்கா சார்."

"அது ஆண்டவருக்கு" என்றார். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு தாள் எடுத்தார். அம்மாவைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறது. பண்டிகை ஞாயிறன்று சபை முன் நின்று குற்ற அறிக்கை செய்ய வேண்டும். செய்தால் அன்றே திருவிருந்து, மறுநாள் எனக்குச் சான்று. "ஒங்கம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரியாதவங்களுக்கு வீட்டாள் வாசிக்கிறது வழக்கம். நீ வாசி. அவங்க கடைசில ஆமென் சொன்னா போதும்."

வீட்டுக்கு நடந்து வரும்போது தோன்றியது: பண்ணையாரைப் பார்த்துச் சொன்ன 'வரமாட்டோம்' எப்படி அம்மாவைப் பார்த்துத் திரும்பியது? இதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு எல்லாமே வழியில்தான் தோன்றும்.

மே 1, செவ்வாய்

அம்மா சம்மதித்துவிட்டாள். மாட்டேன் என்று சொல்வாள் என நினைத்திருந்தேன்.

"ஒன் படிப்பு முடிஞ்சுட்டு. இனிம ஞாயித்துக்கிழம எதுக்குப் போகணும்? நின்னுட்டு, ஆமென்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வரப்போறேன். கொறஞ்சா போவேன்?"

"நீ தப்பு செய்யலயே."

"அது எனக்குத் தெரியும், ஆண்டவருக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்குத் தெரிய வேண்டியது வேற."

மே 3, வியாழன்

ஆக்‌ஷன் சாங் சொல்லிக்கொடுத்தேன். லிடியா கையைச் சரியாகவே அசைக்கவில்லை. "பரிசேயருக்கு உடம்பு சரியில்லையா டீச்சர்?" என்றாள். நாடகத்தைக் கமிட்டி வேண்டாமென்றுவிட்டது என்று சொன்னேன். "அப்ப நாம ஜெயிச்சுட்டோம்" என்றாள். எப்படி என்று கேட்டேன். "புரிஞ்சதாலதான வேண்டாம்னாங்க?"

மே 5, சனி

இந்த நோட்டில் ஏப்ரல் 9-ஆம் தேதி, யாரோ கமிட்டியில் சொல்லிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறேன். இன்று அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தேன்.

யாரோ இல்லை. நான்.

அப்போது ஒன்பதாம் வகுப்பு. அப்பா மஞ்சள்காமாலையில் இறந்து நாலு மாதம். பாடசாலைக்கு டைட்டஸ் சார் வந்திருந்தார். பத்துக் கட்டளையில் ஓய்வுநாள் பற்றிய நாலாவது கட்டளை அன்றைய பாடம். "பெர்சிஸ், ஒங்கம்மாவ ரெண்டு மூணு வாரமா காணலியே, எங்க?" என்றார். மற்றப் பிள்ளைகள் என்றால் காய்ச்சல் என்றிருக்கும், ஊருக்குப் போயிருக்கா என்றிருக்கும். நான் எழுந்து நின்று, "பூவுக்குப் போயிருக்காங்க சார்" என்றேன். அவர் என் தலையில் கை வைத்து, உண்மை பேசுகிற பிள்ளை என்று எல்லார் முன்னாலும் சொன்னார். நீலநிறப் பென்சில் பெட்டி ஒன்று பரிசு தந்தார். அந்த வருஷத்திலிருந்துதான் அவர் என் படிப்பைப் பார்த்துக்கொண்டார்.

பெட்டியை அம்மாவிடம் காட்டி, எதற்கு என்று சொல்லாமல் விட்டேன். அடுத்த மாதம், திருவிருந்து நிறுத்தப்பட்டவர் என்று அம்மாவின் பெயரைக் கோயிலில் வாசித்தார்கள்.

இதையெல்லாம் இன்று அம்மாவிடம் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"அன்னைக்கே தெரியும்."

"யாரு சொன்னா?"

"பொட்டி புதுசா இருந்துச்சு. ஒன் மூஞ்சி பழசா இருந்துச்சு."

"ஏம்மா கேக்கல?"

"என்னத்தக் கேக்க? நீ பொய் சொல்லியிருந்தா தொடையில சூடு போட்டிருப்பேன். உள்ளததான சொன்ன. கீரையில காம்பு கெடக்கு பாரு, எடு."

மே 9, புதன்

குற்ற அறிக்கைத் தாளை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முதலில் பெயர், அன்னபாக்கியம். பிறகு, ஓய்வுநாளை மீறினேன் என்பது. அதற்குத் தலையாட்டினாள். சபையின் கண்டிப்பை அசட்டை செய்தேன் என்பது. அதற்கும் ஆட்டினாள். பிறகு, பொருளாசையினால் இதைச் செய்தேன் என்பது.

"நிறுத்து. அது என்ன?"

"பணத்து மேல ஆச."

கொஞ்சநேரம் கறை படிந்த தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கா?" என்றாள். அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

சாயங்காலம் டைட்டஸ் சார் வீட்டுக்குப் போனேன். யாரும் கூப்பிடாமல் நானாக ஒரு வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டியது இதுதான் முதல் தடவை. அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றேன்.

"அது படிவம்மா. எல்லாருக்கும் அதுதான். ஒருத்தருக்காக மாத்த முடியாது."

"சார், ஒங்களுக்கு அம்மாவத் தெரியும்."

"தெரியும். அதுக்கும் படிவத்துக்கும் சம்பந்தமில்ல."

மே 10, வியாழன்

அம்மா சொல்கிறாள்: "போட்டும் விடு. வேகமா வாசிச்சிரு. யாருக்கும் கேக்காது."

மே 12, சனி

பண்டிகை. பந்தல், சீரியல் விளக்கு, ரேடியோ செட். ஆக்‌ஷன் சாங் பாடினார்கள். குருவானவர் கைதட்டினார். பெயர் ஜெபசிங், இந்தச் சேகரத்துக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. எதைப் பேசினாலும் பாதியில் டைட்டஸ் சாரைத் திரும்பிப் பார்க்கிற ஆள்.

அம்மாவின் வெள்ளைப் புடவையைத் தேய்த்து வைத்தேன். நாளை அவள் பூவுக்குப் போகவில்லை.

மே 13, ஞாயிறு

எழுதி முடித்துவிட வேண்டும். 

கோயில் நிறைந்திருந்தது. வெளியூரில் வேலை பார்க்கிறவர்களும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பிரசங்கத்துக்குப் பின் டைட்டஸ் சார் எழுந்து, அன்னபாக்கியம் முன்னால் வரலாம் என்றார். அம்மா கடைசி பெஞ்சிலிருந்து நடந்து வந்தாள். நான் பக்கத்தில் நடந்தேன். மைக்கை என் உயரத்துக்கு உபதேசியார் இறக்கி வைத்தார்.

அம்மாவின் பெயரை வாசித்தேன். அடுத்த வரியை வாசித்தேன். அதற்கடுத்ததையும் வாசித்தேன். வேகமாக வாசிக்கத்தான் நினைத்திருந்தேன். அந்தச் சொல்லுக்கு வந்ததும் நாக்கு நின்றுவிட்டது. பயம் என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்குப் பயம் தெரியும், இருபத்து மூன்று வருஷமாகப் பழக்கம். இது அது இல்லை.

"இத வாசிக்க மாட்டேன்" என்றேன்.

மைக்கில் அது எவ்வளவு பெரிதாகக் கேட்டது! பந்தலிலிருந்த ஒலிபெருக்கியிலும் ஒரு தடவை கேட்டது.

டைட்டஸ் சார், "பெர்சி" என்றார், மெதுவாக.

"எங்கம்மாவுக்குப் பொருளாச கெடையாது சார். அந்த ஞாயித்துக்கிழமைங்கள எல்லாம் தின்னது நான். அவங்க எடுத்தாங்க, நான் படிச்சேன். எடுத்தவங்களுக்கு நிறுத்தினீங்க, எனக்கு ஏன் குடுத்தீங்க? ஒன்பது வருஷமா நான் வாங்கித் தின்னேனே, ஏன் யாரும் நிறுத்தல?"

தாளை மடித்து அவர் மேசையில் வைத்தேன்.  

"அப்படின்னா போய் உட்காருங்க" என்றார் அவர்.

அம்மா உட்காரப் போகவில்லை. மைக்கைப் பார்த்தாள், அதற்கு எவ்வளவு தள்ளி நிற்பதென்று தெரியாமல் ஒரு அடி பின்னால் வைத்தாள். "ஐயா, நானே சொல்லட்டா?" என்று குருவானவரிடம் கேட்டாள். அவர் தலையசைத்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

"ஞாயித்துக்கிழம பூ எடுத்தேன். ஒம்பது வருஷம் எடுத்தேன். தகப்பன் இல்லாத பிள்ளை, படிக்கணும்னு எடுத்தேன். ஒளிச்சு எடுக்கல. ஆண்டவரே எறங்கி வந்து கேட்டாலும் இததான் சொல்லுவேன். வேற எனக்குச் சொல்லத் தெரியாது."

ஆமென் சொல்லவில்லை. திரும்பிக் கடைசி பெஞ்சுக்கு நடந்தாள்.

ஆராதனை நடந்தது. திருவிருந்துக்கு, எங்கள் வழக்கப்படி பின் பெஞ்சுகளிலிருந்து தொடங்கி வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். ஆல்டருக்கு முன்னால் உள்ள மரக் கிராதியில் ஒரு தடவைக்குப் பதினாறு பேர் மண்டியிடலாம். எங்கள் வரிசை வந்தது. நான் எழுந்திருக்க வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். அம்மா எழுந்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டு, வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்குப் பின்னால் நடந்து போய்க் கிராதியில் மண்டியிட்டுவிட்டாள். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் மண்டியிட்டேன்.

குருவானவர் வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். அம்மா வலது கையை இடது கைமேல் வைத்து நீட்டினாள். விரல் நுனியெல்லாம் கறுப்பு. அவர் எங்கள் முன் நின்றார். அங்கியின் ஓரம் ஆடியதைப் பார்த்தேன். பிறகு எங்களை விட்டுவிட்டு அடுத்தவருக்குப் போனார்.

அந்த வரிசை எழுந்து போனது. அம்மா எழுந்திருக்கவில்லை. கையை மடக்கவும் இல்லை. அடுத்த வரிசை வந்தது, இரண்டு பேருக்கு இடம் குறைந்து பதினான்கு பேராக. அவர்களும் வாங்கிப் போனார்கள். எத்தனை வரிசை என்று எண்ணவில்லை. முழங்கால் மரத்துப் போயிற்று. பின்னால் யாரோ, "என்ன அடம் பாரு" என்றார்கள். யாரோ, "சும்மா இருவே" என்றார்கள். டைட்டஸ் சாரும் வந்தார், எங்களிலிருந்து மூன்று பேர் தள்ளி மண்டியிட்டு வாங்கினார், போனார். அம்மாவின் கை கொஞ்சம் இறங்கியது. நான் என் கையை அதன் அடியில் கொடுத்தேன்.

எல்லாரும் முடிந்தார்கள். கிராதியில் நாங்கள் இரண்டு பேர். தட்டில் அப்பம் மீந்திருந்தது. ஆசீர்வதித்த அப்பத்தை மீதி வைக்கக் கூடாது, வெளியே கொண்டுபோகவும் கூடாது. அங்கேயே சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்பது சபை ஒழுங்கு. பாத்திரம் காலியாகிறவரை குருவானவர் அங்கிருந்து நகர முடியாது. அவர் ஆல்டருக்கு முன் நின்று மீந்ததைப் பார்த்தார். டைட்டஸ் சாரைப் பார்க்கத் தலை பாதி திரும்பியது. இந்தத் தடவை பாதியிலேயே நின்றது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். காலடி வந்தது. அம்மாவின் கை கனத்ததை அதன் அடியிலிருந்த என் கை உணர்ந்தது. அவர் சொல்ல வேண்டிய வார்த்தைகளைச் சொன்னார். நடுவில் நிறுத்தி, முதலிலிருந்து மறுபடி சொன்னார்.

 வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அம்மா சொன்னாள்:

"அப்பம் அண்ணத்துல ஒட்டிக்கிட்டு, ஏட்டி. எப்படித் திங்கணும்னே மறந்து போச்சு."

மே 14, திங்கள்

சான்று வரவில்லை. கேட்கவும் இல்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வந்தேன்.

மே 16, புதன்

உபதேசியார் ஒரு கடிதம் கொண்டுவந்தார். இந்தத் தடவை என்னிடமே கொடுத்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, குடுக்கச் சொன்னாங்க." குருவானவருக்கும் இதேபோல் ஒன்று போயிருக்கிறதாம். அவரிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். மேலிடத்துக்கும் எழுதியிருக்கிறார்களாம். அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "மீதி வைக்கக் கூடாதுன்னு ஒழுங்கு இருக்கேன்னு சொல்லிட்டாரு. அதோட கதவச் சாத்திட்டாரு" என்றார் உபதேசியார். சிரிப்பை அடக்கியது போல் இருந்தது. எனக்கு அப்படித் தோன்றியதோ என்னவோ.

கடிதம் இது: பாடசாலை ஆசிரியைப் பொறுப்பிலிருந்து நான் நீக்கப்பட்டிருக்கிறேன். சபை ஒழுங்கை மீறியது பற்றி விசாரிக்க, வருகிற 20-ஆம் தேதி ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நானும் அம்மாவும் கமிட்டி முன் வர வேண்டும். டைட்டஸ் சாரின் கையெழுத்து. என் கல்லூரி விண்ணப்பத்தில் இருந்த அதே சாய்ந்த எழுத்து.  அவர் எனக்குச் செய்ததை மறக்கமாட்டேன். அதற்காக அம்மாவைத் தரமாட்டேன்.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "என்ன எழுதப்போற?" என்றாள். எழுதமாட்டேன், நேரில் போய் நிற்பேன் என்றேன். "நீயா? வேண்டாம். எழுது. எழுதுனா ஒனக்கு நடுங்காது."

பதில் எழுதினேன். அம்மாவிடம் படித்துக் காட்டியபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதை இங்கே பிரதி எடுத்து வைக்கிறேன்:

"சபைக் கமிட்டிச் செயலர் அவர்களுக்கு, வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. விசாரணையை ஞாயிற்றுக்கிழமை வைத்திருக்கிறீர்கள். அன்று ஓய்வுநாள். ஒன்பது பேர் உட்கார்ந்து சாட்சி கேட்டு, தீர்ப்பு எழுதி, கையெழுத்துப் போடுவது வேலை இல்லையா என்பதைக் கமிட்டியார் முதலில் தீர்மானிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வேலைதான் என்றால், வேறு கிழமை குறித்து அனுப்புங்கள். நானும் என் தாயாரும் தவறாமல் வருகிறோம். காலையில் மட்டும் வைக்க வேண்டாம். பூ இருக்கிறது."